கெட்ட ஆண்டின் நல்ல ஒயின்: 2002 மொன்ஃபோர்தினோவை எப்படிப் புரிந்துகொள்வது?

இத்தாலியின் வடமேற்கில் உள்ள பியெமோன்தேயில் 2002ஆம் ஆண்டு கோடை வந்ததாகவே தெரியவில்லை. பருவம் முழுக்கக் குளிரும் மழையுமாகக் கழிந்தது. செப்டம்பர் தொடக்கத்தில், அறுவடை நெருங்கும் நேரத்தில், பரோலோ கிராமத்தையும் அதை ஒட்டிய சரிவுகளையும் ஆலங்கட்டி மழை அடித்து நொறுக்கியது. அந்தக் கிராமத்தின் பெயரைத் தாங்கிய சிவப்பு ஒயினான பரோலோவைச் செய்யும் பேர்பெற்ற தயாரிப்பாளர்கள் பலர் அந்த ஆண்டு தங்கள் தனித்தோட்ட ஒயின்களைப் பாட்டிலில் அடைக்கவே இல்லை. பியெமோன்தேயின் ஆண்டுகளைத் தரம் பிரிக்கும் பட்டியல்களில் 2002 அடிமட்டத்தில் கிடக்கிறது.

அதே ஆண்டில், அதே வட்டாரத்தில், ஜாக்கோமோ கொன்தெர்னோ குடும்பம் தன் மொன்ஃபோர்தினோவைச் செய்தது. பரோலோ ரிசெர்வா வகையைச் சேர்ந்த இந்த ஒயின் இன்று சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்கும் ஒன்று. ஏலப் பட்டியலில் இதைப் பார்ப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. ஆண்டு மோசம் என்றால் ஒயின் எப்படி நன்றாக இருக்கும்? ஒயின் நன்றாக இருக்கிறது என்றால், ஆண்டை மோசம் என்றவர்கள் தவறிவிட்டார்களா?

யாரும் தவறவில்லை. ஆண்டுக்குக் கொடுக்கும் மதிப்பெண் ஒரு வட்டாரத்தைப் பற்றிய பேச்சு. பாட்டிலில் இருப்பது ஒரு சரிவையும் ஒருவரின் முடிவையும் பற்றிய பேச்சு. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் நல்ல ஆண்டுகளில் குறைவு, கெட்ட ஆண்டுகளில் மிக அதிகம். கடினமான ஆண்டின் ஒயினை ரசிக்கவும் சேர்க்கவும் விரும்புகிறவர் இந்தத் தூரத்தை அளக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆண்டு என்பது ஒரு சராசரி

லேபிளில் உள்ள ஆண்டு திராட்சை பறிக்கப்பட்ட ஆண்டு. ஒயின் விற்பனைக்கு வந்த ஆண்டோ பாட்டிலில் அடைத்த ஆண்டோ அல்ல. பரோலோ ரிசெர்வா என்ற பெயரைப் போட வேண்டுமானால் சட்டப்படி குறைந்தது 62 மாதங்கள் பக்குவப்படுத்த வேண்டும். மொன்ஃபோர்தினோ அதையும் தாண்டிப் பெரிய மரப்பீப்பாய்களில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கிடக்கும்.

பரோலோ என்ற பெயர் 11 கிராமங்களின் நிலத்துக்குப் பொது. மேற்குச் சரிவுகளின் மண் வேறு, கிழக்கே இறுகிய பழைய சுண்ணக் களிமண் வேறு. கொன்தெர்னோவின் காஷீனா ஃபிரான்சியா தோட்டம் கிழக்கு ஓரத்தில், செர்ராலுங்கா தால்பா கிராமத்தில் இருக்கிறது. பரோலோ கிராமத்தைச் சூறையாடிய ஆலங்கட்டி அங்கே அப்படி அடிக்கவில்லை. அதன் பிறகு அந்தக் குடும்பம் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. அந்தத் தோட்டத்திலிருந்து வழக்கமாக வரும் சாதாரண பரோலோவை அந்த ஆண்டு செய்யவே இல்லை. தேறிய பழம் முழுவதும் மொன்ஃபோர்தினோவுக்குப் போனது. ஊரே கைவிட்ட ஆண்டில் தங்கள் உச்ச ஒயினை மட்டும் செய்வது என்பது, தன் கொடியைத் தினமும் பார்த்த ஒருவரால் மட்டுமே எடுக்க முடிந்த முடிவு.

ஒரே ஆண்டு ஒரே வட்டாரத்தை இரண்டாகப் பிளந்ததற்கு இன்னும் தெளிவான சாட்சி பிரான்சின் போர்தோ, 1964. அக்டோபர் 8ஆம் தேதி, ஆற்றின் இடது கரையில் உள்ள மெடோக் பகுதியில் பெருமழை பிடித்துக்கொண்டது. அதற்குள் பறித்து முடித்திருந்த ஷாதோ லாத்தூர் தோட்டம் அருமையான ஒயின் செய்தது. இன்னும் நன்றாகப் பழுக்கட்டும் என்று காத்திருந்த புகழ்பெற்ற அண்டை வீட்டாரின் ஒயின் நீர்த்துப்போனது. ஆற்றின் வலது கரையில் சீக்கிரம் பழுக்கும் மெர்லோ திராட்சை மழைக்கு முன்பே உள்ளே வந்துவிட்டதால், அங்குள்ள பெத்ரூஸ், ஷெவால் பிளான் தோட்டங்கள் 1964ஐத் தங்கள் சிறந்த ஆண்டுகளில் ஒன்றாக்கிக்கொண்டன. '1964 நல்ல ஆண்டா, கெட்ட ஆண்டா' என்று கேட்டால் ஒற்றை விடை கிடையாது. யாருடைய 1964 என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

எந்த விதத்தில் கெட்டது?

'மோசமான ஆண்டு' என்ற சொல் பல வேறுபட்ட நோய்களை ஒரே பையில் போடுகிறது. மருத்துவர் காய்ச்சல் என்பதோடு நிறுத்தாமல் எந்தக் காய்ச்சல் என்று பார்ப்பதுபோல, இங்கேயும் வகை தெரிய வேண்டும். எது தாக்கியது என்பதை வைத்தே யார் தப்பியிருப்பார்கள், ஒயினில் எந்தக் குறை தங்கியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

1. வசந்தகால உறைபனி. துளிர்விட்ட கண்கள் ஒரே இரவில் கருகிவிடும். 1991 ஏப்ரல் 20க்கும் 21க்கும் இடைப்பட்ட இரவு போர்தோவில் இது நடந்தது. கொடி மறுபடியும் துளிர்க்கும், ஆனால் அந்த இரண்டாம் தலைமுறைக் கொத்துகள் பல வாரம் பின்தங்கும். பச்சையும் பழமும் கலந்த அறுவடையே கைக்கு வரும். ஜிரோந்த் கழிமுகத்தை ஒட்டிய தோட்டங்களுக்கு அந்த நீர்ப்பரப்பின் வெதுவெதுப்பு காப்பாக இருந்தது. லாத்தூரின் 1991 மதிக்கப்படுவதற்கு இது ஒரு காரணம். வலது கரையில் அந்த ஆண்டு பெத்ரூஸ் வெளிவரவே இல்லை, ஷெவால் பிளானும் இல்லை.

2. பூக்கும் காலத்து மழை. பூ உதிரும், அல்லது ஒரே கொத்தில் கடுகளவும் கோலியளவுமாகக் காய் பிடிக்கும். விளைச்சல் குறையும். ஆனால் மிஞ்சிய பழம் பிற்பாடு வெயில் கண்டால் தரம் கெட வேண்டியதில்லை.

3. அடிச்சாம்பல் நோய். ஈரமான தொடக்கப் பருவத்தில் இலையையும் இளங்காயையும் தாக்கும் பூஞ்சணம். ஆள்பலமும் விடாத கவனிப்பும் உள்ள தோட்டம் பெரும்பாலும் தப்பிக்கும்.

4. குளிர்ந்த கோடை. சர்க்கரை ஏறாது, புளிப்பு இறங்காது, தோலும் விதையும் முதிராது.

5. அறுவடைக் கால மழையும் அழுகலும். என் மதிப்பீட்டில் இவற்றுள் மிகக் கொடியது இதுதான்.

6. கொடும் வெப்பம். 2003இல் ஐரோப்பாவை வாட்டிய வெயிலில் பல ஒயின்கள் உலர்திராட்சைச் சுவையும் மந்தமான புளிப்புமாக வந்தன. நீரைப் பிடித்துவைக்கும் களிமண் உள்ள, போர்தோவின் சாந்த் எஸ்தெஃப் பகுதியில் ஷாதோ மோன்ரோஸ் அதே வெயிலில் பெரிய ஒயினைச் செய்தது. மழை ஆண்டில் சுமையாகும் களிமண் இங்கே காப்பாற்றியது.

7. காட்டுத்தீப் புகை. 2020இல் கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் பல தயாரிப்பாளர்கள் சிவப்பு ஒயினையே கைவிட்டார்கள். புகையின் சேர்மங்கள் பழத்துக்குள் சர்க்கரையோடு பிணைந்து ஒளிந்துகொள்ளும், பிறகு நொதித்தலிலும் பாட்டிலிலும் வாயிலும் மெதுவாகப் பிரிந்து வெளிவரும். காலம் போகப்போகக் கூடக்கூடிய குறை இது. ஆகவே இந்த வகையைச் சேமிப்புக்கு வாங்கக் கூடாது.

நான்காவதையும் ஐந்தாவதையும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கேபர்னே சோவின்யோன் போன்ற திராட்சைகளில் பச்சைக் குடைமிளகாய் வாசம் தரும் மெத்தாக்ஸிபைரசீன் என்ற சேர்மம் உண்டு. காய் முதிர்ந்து, கொத்தின்மேல் வெயில் பட்டால் அது குறையும். வெயில் இல்லாத ஆண்டில் தங்கிவிடும். ஒரு லிட்டரில் பத்துப் பதினைந்து நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். அளவாக இருந்தால் அது ஒயினுக்கு ஒரு குளிர்ச்சியான இலைமணம் தரும். அதை விரும்பித் தேடுபவர்கள் இருக்கிறார்கள், நானும் அவர்கள் பக்கம்தான். மிஞ்சினால் பழத்தின் மணம் முழுவதையும் அது மூடிவிடும்.

அழுகல் வேறு ரகம். சாம்பல்நிறப் பூஞ்சணம் பிடித்த பழத்தில் லாக்கேஸ் என்ற நொதி உண்டாகிறது. அது சிவப்பு நிறமிகளைச் சிதைத்து ஒயினைப் பழுப்பாக்கும். வழக்கமாகக் கெடாமல் காக்கச் சேர்க்கும் கந்தக டைஆக்சைடுக்கும் எளிதில் அடங்காது. கூடவே ஈரமண் நாற்றமும் வரலாம். குளிர் ஆண்டின் பழம் பச்சையாக இருந்தாலும் ஆரோக்கியமான பழம். அழுகிய பழத்துக்கு அந்த அடிப்படையே இல்லை. இரண்டு ஆண்டுகள் ஒரே மதிப்பெண் வாங்கியிருந்தாலும், குளிரால் கெட்டதை வாங்கலாம், அழுகலால் கெட்டதைத் தவிர்க்கலாம் என்பது பாதுகாப்பான விதி. செர்ராலுங்காவின் 2002 குளிரால் கெட்ட வகைக்குள் வருகிறது.

கழித்துக் கட்டும் துணிவு

கெட்ட ஆண்டில் நல்ல ஒயின் பெரும்பாலும் வேண்டாததை விலக்குவதால்தான் கிடைக்கிறது. கோடையிலேயே பாதிக் கொத்துகளை வெட்டித் தரையில் போட்டு, மிஞ்சியவற்றுக்குக் கொடியின் முழு வலுவையும் கொடுப்பார்கள். அறுவடையை ஒரே வீச்சில் முடிக்காமல், பழுத்த பகுதியை முதலிலும் மற்றதைப் பிறகுமாகப் பறிப்பார்கள். பறித்த பழம் தெரிவு மேசையில் பலர் கையால் சலிக்கப்படும். வசதியுள்ள இடங்களில் ஒவ்வொரு பழத்தையும் படம்பிடித்து, பச்சையானதையும் சுருங்கியதையும் காற்றால் ஊதித்தள்ளும் இயந்திரமும் உண்டு.

அடுத்த சல்லடை பீப்பாய் அறையில். போர்தோவின் பெரிய தோட்டங்கள் தங்கள் முதன்மை ஒயினுக்குத் தேறாததை இரண்டாம் ஒயினாகக் கீழிறக்கும், அதற்கும் தேறாததை மொத்தமாக விற்றுவிடும். மோசமான ஆண்டில் இந்தப் பிரிப்பு கடுமையாகிறது. பிரான்சின் பர்கண்டியில் தொமேன் லெருவா என்ற தயாரிப்பாளர் தன் 2004 சிவப்பு ஒயின்களை உச்சத் தோட்டப் பெயர்களில் வெளியிடாமல் தாழ்ந்த தரப் பெயர்களில் வெளியிட்டது. ஸ்பெயினின் வேகா சிசிலியா நிறுவனம் 1992, 1993, 1997 ஆகிய ஆண்டுகளில் தன் உச்ச ஒயினான ஊனிக்கோவைச் செய்யவே இல்லை. பெரிய வருமானத்தை விட்டுக்கொடுத்துப் பெயரைக் காப்பாற்றிய முடிவுகள் இவை. இப்படி மறுத்துப் பழக்கமுள்ளவர் ஒரு கெட்ட ஆண்டில் பாட்டிலை வெளியிட்டால், அந்த வெளியீட்டுக்கே ஒரு சான்றின் எடை உண்டு.

தொழில்நுட்பத் திருத்தங்களும் உண்டு. நொதிக்கும் சாற்றில் சர்க்கரை சேர்த்து மதுச்சத்தை உயர்த்தும் முறைக்கு, நெப்போலியனின் அமைச்சராக இருந்த வேதியியலாளர் சாப்தாலின் பெயர் வழங்குகிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத மதுச்சத்தாக மாறும். மழையில் நீர்த்த சாற்றில் ஒரு பகுதியை வடித்துவிட்டு மீதியை அடர்த்தியாக்கலாம். சவ்வு வழியாகத் தண்ணீரை மட்டும் பிரித்தெடுக்கும் கருவியும் இருக்கிறது. அளவோடு செய்தால் இவை ஒயினுக்குக் கைகொடுக்கும். ஆனால் தோலிலும் விதையிலும் இருந்து வரும் துவர்ப்புப் பொருளான டானின் முதிராமல் இருந்தால், அதை எந்தக் கருவியாலும் முதிரவைக்க முடியாது. நீர்த்த பழத்திலிருந்து கனமான ஒயினைக் கசக்கிப் பிழிய முயன்றவர்கள் பச்சைத் துவர்ப்பையும் சேர்த்துப் பிழிந்தார்கள். ஆண்டு எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவோடு நிறுத்தி, மென்மையாகச் சாறு இறக்கி, புதிய ஓக் மரத்தைக் குறைத்துக்கொண்டவர்களின் ஒயின்தான் இருபது ஆண்டு கழித்தும் குடிக்க இதமாக இருக்கிறது.

வாயில் எப்படித் தெரியும்?

சிறந்த ஆண்டின் சிவப்பு ஒயின் வாயை நிரப்பும். கடினமான ஆண்டின் நல்ல ஒயின் அப்படி நிரப்பாது. நடு அண்ணத்தில் கனம் குறைவாக இருக்கும், மதுச்சத்தும் பெரும்பாலும் குறைவு. பதிலுக்கு மணம் தெளிவாக, அடுக்கடுக்காக வரும். பழத்தின் இனிப்புத் திரை மெல்லியதாக இருப்பதால் மண், இலை, உலர்ந்த மலர், தோல், புகையிலை ஆகிய மணங்கள் முன்னே வருகின்றன. பரோலோ செய்யப்படும் நெபியோலோ திராட்சை இயல்பிலேயே வெளிர்நிறமும் ஓங்கிய புளிப்பும் உள்ளது. அதனால் குளிர் ஆண்டு அதன் குணத்தைத் திரிப்பதைவிடக் கூர்மையாக்குவதே அதிகம். ஒரு தோட்டத்தின் தனிக்குரலைக் கேட்க வேண்டுமானால் அதன் மெலிந்த ஆண்டுகளைக் குடிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குறையையும் குணத்தையும் பிரிக்கக் கவனிக்க வேண்டியது ஒயின் முடியும் இடம். விழுங்கிய பிறகு துவர்ப்பு நாக்கின் ஓரங்களில் பொடிப்பொடியாக, உலர்ந்துபோய் நின்று, பழம் அதற்கு முன்பே மறைந்துவிட்டால் அது முதிராத டானின். வயது அதைச் சரிசெய்யாது, ஏனென்றால் டானின் மெல்ல இளகும்போது பழமும் சேர்ந்தே தேய்கிறது. துவர்ப்பு மெல்லியதாகவும் புளிப்பு உயிரோடும் இருந்து, மணம் இரண்டுக்கும் பிறகும் தங்கினால் அந்த ஒயின் மெலிந்திருந்தாலும் முழுமையானது.

எவ்வளவு காலம் தாங்கும்?

பொதுவாகக் கடினமான ஆண்டுகள் சீக்கிரம் பக்குவத்துக்கு வரும். சிறந்த ஆண்டின் போர்தோ இருபது, முப்பது ஆண்டு கேட்கும் இடத்தில், அதே தோட்டத்தின் மெலிந்த ஆண்டு எட்டுப் பத்து ஆண்டில் திறக்கத் தயாராகிவிடும். பெரிய ஆண்டின் பெட்டி நிலவறையில் உறங்கும் காலத்தில் குடிக்க இவைதான் கை கொடுக்கும்.

இந்த விதிக்கு விலக்கும் காரணத்தோடுதான் வரும். புளிப்பு ஓங்கி, டானின் ஆரோக்கியமாக முதிர்ந்து, விளைச்சல் மிகக் குறைவாக இருந்தால் குளிர் ஆண்டின் ஒயின் பல பத்தாண்டுகள் நிற்கும். 2002 மொன்ஃபோர்தினோ இந்த விலக்கில்தான் சேரும்.

சேர்ப்பவர் பார்க்க வேண்டியவை

1. தோட்டத்தையும் செய்தவரையும் முதலில் பாருங்கள், ஆண்டைப் பிறகு. நல்ல ஆண்டில் முன்பின் தெரியாத பெயரையும் துணிந்து வாங்கலாம். கெட்ட ஆண்டில் அது சூதாட்டம்.

2. அந்த ஆண்டு அவர் எதைச் செய்யவில்லை என்று விசாரியுங்கள். தனித்தோட்டப் பழம் முழுவதும் பொது ஒயினுக்குள் இறங்கியிருந்தால், அந்தப் பொது ஒயின் வழக்கத்தைவிட மேலாக இருக்கலாம். 2002 கொன்தெர்னோ இதற்கு நேரெதிர்: பொது பரோலோ இல்லை, உச்சம் மட்டுமே.

3. பீப்பாயில் இருக்கும்போதே முன்பணம் கட்டி வாங்கும் முறையைக் கடினமான ஆண்டுக்குத் தவிருங்கள். அந்த முறையில் வாங்குபவருக்குக் கிடைக்கும் ஆதாயம், பின்னால் கிடைக்காமல் போகும் அல்லது விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பில் இருக்கிறது. மெலிந்த ஆண்டுக்கு அந்த நெருக்கடி பெரும்பாலும் இராது. பாட்டிலில் அடைத்து, சில ஆண்டு போய், ஒன்றை ருசித்துவிட்டு வாங்க நேரம் உண்டு.

4. பாட்டில் கடந்துவந்த பாதையைக் கேளுங்கள். 12 முதல் 14 டிகிரி வெப்பம், இருட்டு, தக்கை காயாத அளவு ஈரப்பதம், அசைவின்மை ஆகியவை எல்லா ஒயினுக்கும் பொது. மெலிந்த ஒயினுக்கு ஈடுகொடுக்க உபரிச் சத்து இல்லாததால், சூட்டில் கிடந்த ஒரு கோடையே அதை முடித்துவிடும். ஒயினின் மட்டம் பாட்டிலின் கழுத்துக்குள் நிற்கிறதா, தோளுக்கு இறங்கிவிட்டதா என்று பாருங்கள். வயதுக்கு மீறி இறங்கியிருந்தால் தக்கை விட்டுக்கொடுத்திருக்கிறது.

5. 1.5 லிட்டர் மாக்னம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயினின் அளவோடு ஒப்பிட உள்ளே வரும் காற்று குறைவு, முதுமை மெதுவாகும்.

6. மறுவிற்பனை லாபத்தை நம்பாதீர்கள். ஏலத்தில் பெரும்பாலானோர் ஆண்டைப் பார்த்தே கை தூக்குகிறார்கள். மொன்ஃபோர்தினோ போன்ற சில பெயர்கள் தவிர, கெட்ட ஆண்டின் ஒயினை விற்பது கடினம். குடிக்க வாங்குபவருக்கு அதே காரணம் சாதகம்.

ஒரே தோட்டத்தின் பல ஆண்டுகளை வரிசையாகச் சேர்ப்பவருக்கு இந்த ஒயின்களின் மதிப்பு வேறு. சிறந்த ஆண்டுகளை மட்டும் அடுக்கினால் வானிலையின் தயவைத்தான் அடுக்குகிறோம். 2001, 2002, 2004 என்று இடையில் கெட்டதும் இருக்கும்போதுதான் ஆண்டு மாறியும் மாறாமல் நிற்பது எது என்று தெரியும்.

திறக்கும் நாள்

முதிர்ந்த பாட்டிலை ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் படியட்டும். மெலிந்த பழைய ஒயினை மணிக்கணக்காகக் காற்றாட விடுவது ஆபத்து, அதன் மணம் அரை மணியில் பறந்துவிடலாம். வண்டலைப் பிரிக்க மட்டும், பரிமாறுவதற்குச் சற்று முன், மெதுவாக வேறு குடுவைக்கு மாற்றினால் போதும். இன்னும் இளமையாக, இறுகி நிற்கும் நெபியோலோவுக்கு மட்டும் நீண்ட நேரம் கொடுக்கலாம். 16 முதல் 18 டிகிரி வெப்பம் பொருந்தும். அதற்கு மேல் போனால் மதுச்சத்து மூக்கில் ஏறும், கீழே போனால் துவர்ப்பு கூர்மையாகும்.

பெரிய ஆண்டின் ஒயினுக்குப் பிறகு இதை ஊற்றாதீர்கள். கனமான ஒன்றைக் குடித்த நாக்குக்கு அடுத்தது தண்ணீராகத் தெரியும். இதை முதலில் வையுங்கள், அல்லது தனியாக. மூன்று பாட்டில் வைத்திருப்பவர் முதல் பாட்டிலின் கடைசிக் கோப்பையை ஒரு மணி நேரம் கழித்து ருசித்துப் பார்க்கட்டும். மணம் மேலும் விரிந்திருந்தால் மற்ற இரண்டையும் சில ஆண்டுகள் படுக்கவைக்கலாம். சுருங்கியிருந்தால் அடுத்ததை இந்த ஆண்டே திறந்துவிட வேண்டும்.